கொல்லையில் ஆறு பேர் – 14. மூடி சாய்ந்த வாளி

பத்தொன்பது நாளாக அந்த வீட்டில் எல்லாப் பேச்சும் கோழிகள் வழியாகத்தான் நடந்தது.

"பால் காய்ச்சி வெச்சிருக்கேன். காப்பி வேணும்னா யாரு வேணாலும் போட்டுக்கலாம். என்ன வாயாடி, நான் சொல்றது சரிதானே?" என்பாள் மூத்தவள், கூண்டுக்கு முன் குனிந்து.

"எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு. காப்பி வேண்டாம் புள்ளி" என்பாள் இளையவள், துணிக் கொடிக்கு அந்தப் பக்கம் நின்று.

வாயாடியும் புள்ளியும் தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் இவளையும் ஒரு கண்ணால் அவளையும் பார்க்கும்.

அண்ணனையும் தம்பியையும் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வந்த ஓரகத்திகள் அவர்கள். மூத்தவள் தையற்காரி. வீட்டின் முன்னறையே அவள் கடை. இளையவள் ஆஸ்பத்திரி லேபில் ரத்தமும் சிறுநீரும் சோதிப்பவள். சண்டை தொடங்கியது கோழிகளால்தான். மூத்தவள் வளர்த்த ஆறு கோழிகளும் ஒரே மாதத்தில் இறகு கொட்டி, முட்டை நிறுத்தி, அடித்துத் துவைத்த தலையணை மாதிரி ஆகிவிட்டன. "இறகு முளைக்கிற நேரத்துல வெறும் சோறும் உடைச்ச சோளமும் பத்தாதுக்கா, புரதம் வேணும்" என்று இளையவள் சொல்லப்போக, "மூத்திரம் சோதிக்கிறவ என் கோழிக்குச் சாப்பாடு சொல்ல வேண்டாம்" என்று மூத்தவள் சொல்லிவிட்டாள்.

கொட்டிய வார்த்தையை அள்ள முடியுமா? சொன்னவளுக்கும் அன்று சோறு இறங்கவில்லை. ஆனால் முதலில் யார் இறங்கிப் பேசுவது?

இந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் மூத்தவளின் கணவர் அதற்கு ஒரு முடிவு கட்டினார். அவர் வெல்டர். இரும்பையே இரண்டு சூடு வைத்தால் ஒட்ட வைத்துவிடுகிறவருக்கு இந்த இருவரை ஒட்ட வைக்கத் தெரியவில்லை. டீ தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, இருவருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"கோழியாலதானே சண்டை? கோழியே வேண்டாம். சாயந்தரம் அஞ்சு மணிக்குக் கறிக்கடைக்காரர் வர்றார். ஆறையும் பிடிச்சிட்டுப் போகட்டும்."

மூத்தவளின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. இளையவள் செருப்பின் வாரைப் பூட்டிக்கொண்டிருந்தவள், பூட்டியதையே மறுபடி அவிழ்த்தாள்.

"என்னங்க..." என்றாள் மூத்தவள்.

"மாமா..." என்றாள் இளையவள்.

"ரெண்டு பேரும் ஒண்ணா வந்து, கோழி வேணும்னு சொல்லுங்க. நிறுத்திடறேன்."

இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. வெல்டர் ஒரு நிமிஷம் காத்திருந்துவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போய்விட்டார். இளையவளும் போனாள்.

மூத்தவள் தனியாகக் கொல்லைக்கு வந்தாள்.

மகாராணி என்று அவள் பெயர் வைத்த சிவப்புக் கோழி மூலையில் ஒண்டியிருந்தது. கழுத்திலும் முதுகிலும் ஒரு இறகு இல்லை. மூன்று நாளாகத் தீனியைக் கொத்தவில்லை. மற்றவை அதன் பக்கத்தில் போய் மிச்சமிருந்த இறகையும் பிடுங்கித் தின்றன. "ஏண்டி, கூடப் பொறந்தவ சட்டையையா கழட்டித் திம்பீங்க?" என்று விரட்டினாள். விரட்டிய கையோடு அவள் பார்வை துவைக்கும் கல்லுக்குப் பின்னால் போனது.

அங்கே ஒரு மூடி போட்ட பெரிய வாளி. இளையவளுடையது. பதினைந்து நாளாகக் காய்கறித் தோலையும் அழுகிய பழத்தையும் அதில் போட்டு வருகிறாள். செடிக்கு உரம் என்றுதான் மூத்தவள் நினைத்திருந்தாள். ஆனால் உரத்தை யாராவது வாரத்துக்கு மூன்று முறை திறந்து, குனிந்து பார்த்து, சிரித்துக்கொள்வார்களா?

இன்று மூத்தவளுக்குக் கோபம் எங்கேயாவது இறங்க வேண்டியிருந்தது. போய் மூடியைத் திறந்தாள். மேலே பப்பாளித் தோல். ஒரு புளிச்ச வாடை. மூக்கைப் பொத்திக்கொண்டு மூடியை ஏனோதானோவென்று கவிழ்த்துவிட்டு வந்தாள். அது ஒரு பக்கம் சாய்ந்து உட்கார்ந்ததை அவள் பார்க்கவில்லை.

பதினோரு மணிக்கு மழை பிடித்தது.

பன்னிரண்டு மணிக்குத் தலைமையாசிரியை வந்தார். பள்ளி ஆண்டு விழாவுக்குச் சாம்பல் நிறக் கோட் தைக்கக் கொடுத்திருந்தவர். ஒரு முறை அளவு போட்டுப் பார்க்க வந்திருந்தார். நடந்தாலே பள்ளி வராண்டா அமைதியாகிவிடும் ஆள். மூத்தவள் அவரை நாற்காலிக்குப் பக்கத்தில் நிறுத்தி, வாயில் நாலு குண்டூசியைக் கவ்விக்கொண்டு, அக்குள் பக்கம் பிடித்துக் குத்திக்கொண்டிருந்தாள்.

"கை தூக்குங்க மேடம். இங்க கொஞ்சம் இழுக்குதா?"

"இழுக்கலை. ஆனா கால்ல ஏதோ ஊருது."

"நூலா இருக்கும் மேடம்."

"நூல் நகருமா?"

மூத்தவள் குனிந்தாள்.

கொல்லைக் கதவின் கீழிடுக்கு வழியாக, கூடத்தைக் கடந்து, தையல் மிஷினின் பெடலைச் சுற்றிக்கொண்டு, அரிசியை விடப் பெரிய, பழுப்பு நிறத்தில், கொழுத்த புழுக்கள் ஒரு ஊர்வலமாக வந்துகொண்டிருந்தன. நூறா, இருநூறா? எண்ணும் நிலையில் அவள் இல்லை. இரண்டு புழு அளவு டேப்பின் மேல் ஏறி, நாற்பத்திரண்டில் இருந்து நாற்பத்து மூன்றுக்குப் போய்க்கொண்டிருந்தன.

வாயிலிருந்த நாலு ஊசியும் சிதறின.

தலைமையாசிரியை கத்தவில்லை. அவர் கத்தியே யாரும் பார்த்ததில்லை. நாற்காலி மேல் ஏறி நின்றார். அங்கிருந்து கட்டிலுக்கு ஒரு எட்டு வைத்தார். கட்டிலிலிருந்து வாசலுக்கு இன்னொன்று. ஒரு பக்கம் கை தைத்தும், மறுபக்கம் வெறும் ஊசி குத்தியும் இருந்த கோட்டோடேயே, குடையை விரித்துக்கொண்டு நடந்துவிட்டார்.

"மேடம், ஊசி குத்தும்!" என்று மூத்தவள் பின்னாலேயே ஓடினாள். தெருமுனையில் சாம்பல் நிறம் மறைந்துவிட்டது.

திரும்பி வந்தவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. எல்லாம் அந்த வாளி! பதினைந்து வருஷமாகச் சேர்த்த பேர், ஒரு வாளியில் போயிற்று. துடைப்பத்தையும் குப்பை அள்ளும் தட்டையும் எடுத்துப் பெருக்கி அள்ளினாள். அடுப்பில் வெந்நீர் வைக்கத் திரும்பினாள். பிறகு, வெந்நீர் ஊற்ற மனசு வராமல், "எங்கயாவது போய்த் தொலைங்க" என்று தட்டோடு மழையில் இறங்கிக் கொல்லைக் கோடியில் கொட்டப் போனாள்.

கூண்டைத் தாண்டும்போது ஒரு சத்தம் கேட்டது. குக், குக், குக். மூன்று நாளாக அவள் கேட்காத குரல்.

மகாராணி எழுந்து நின்றிருந்தது. கம்பிக்கு வெளியே கழுத்தை நீட்டி, தட்டையே பார்த்துக்கொண்டிருந்தது.

மூத்தவள் ஒரு புழுவை, இரண்டு விரலால், முகத்தைத் திருப்பிக்கொண்டு எடுத்து உள்ளே போட்டாள். விழுந்த சத்தம் கேட்பதற்குள் அது மகாராணியின் தொண்டைக்குள் இருந்தது. இன்னொன்று போட்டாள். அதுவும் போயிற்று. பிறகு கதவைத் திறந்து தட்டையே உள்ளே வைத்துவிட்டாள்.

ஆறும் விழுந்தடித்து வந்தன. இறகில்லாத முதுகுகள் ஒன்றோடொன்று மோதின. வாயாடி சத்தம் போடக்கூட நேரமில்லாமல் விழுங்கியது. தட்டு துடைத்த மாதிரி ஆன பிறகும் அதையே டக் டக்கென்று கொத்தின.

மூத்தவள் மழையில் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள். முந்தானை நனைந்தது தெரியவில்லை. மூன்று நாளாகச் சோற்றைப் பிசைந்து, சோளத்தை ஊறவைத்து, கெஞ்சிக் கெஞ்சி ஊட்டியும் வாய் திறக்காத கோழி, இப்போது அவள் கால் விரலையே புழுவென்று நினைத்துக் கொத்தியது.

"இரு இரு. உள்ள இன்னும் இருக்கு" என்றாள்.

மூன்று மணிக்கு இளையவள் அனுமதி கேட்டு வேலையிலிருந்து சீக்கிரம் கிளம்பிவிட்டாள். மாமாவின் காலில் விழுந்தாவது ஆறையும் காப்பாற்றுவது என்று முடிவு செய்திருந்தாள். அக்காவோடு சேர்ந்து கேட்பதா, தனியாகவா என்பதை மட்டும் பஸ்ஸில் முடிவு செய்ய முடியவில்லை.

வீட்டுக்குள் நுழைந்தவள் வாசலிலேயே நின்றாள். தையல் மிஷினுக்குக் கீழே இருந்து இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன. பக்கத்தில் ஒரு டார்ச்சும், நூல்கண்டு டப்பாவும். டப்பாவில் நூல்கண்டு இல்லை.

"அக்கா?"

வாய் தவறி வந்துவிட்டது. பத்தொன்பது நாளில் முதல் முறை.

மிஷினுக்குக் கீழே தலை இடிக்கும் சத்தம் கேட்டது. மூத்தவள் தலையைத் தடவிக்கொண்டே வெளியே வந்தாள். தலைமுடியில் ஒட்டடை. இரண்டு விரலுக்கு நடுவே ஒரு புழு, பத்திரமாக.

"அந்த அலமாரிக்கு அடியில நாலு போச்சு. உன் கை சின்னக் கை, எடு" என்றாள்.

இளையவள் பையை அப்படியே போட்டுவிட்டு மண்டியிட்டாள்.

 நான்கும் கிடைத்தன. ஐந்தாவது ஒன்று தானாக வந்து மாட்டியது.

"மூடி எப்படித் திறந்துச்சு? நான் இறுக்கித்தானே மூடினேன்?" என்று இளையவள் டப்பாவைப் பார்த்தபடி கேட்டாள். "வாளிக்குள்ள ஈரம் ஏறினா இது சுவத்துல ஏறி வெளிய கிளம்பிடும். அதனாலதான் கல்லுக்குப் பின்னாடி ஒதுக்குப்புறமா வெச்சேன்."

மழை திறந்தது என்று சொல்லியிருக்கலாம். காற்று என்று சொல்லியிருக்கலாம். மூத்தவளுக்கு வாய் வரை வந்தது.

"நான்தான் திறந்தேன்."

"நீங்களா?"

"நீ என்னத்த ஒளிச்சு வெச்சிருக்கேன்னு பாக்க. சரியா மூடாம வந்துட்டேன். காலையில கோபம்." ஒரு மூச்சு விட்டாள். "அன்னைக்கும் கோபம்தான். உன் வேலையைப் பத்தி அப்படிச் சொன்னது தப்பு. போன மாசம் எனக்குச் சர்க்கரை கூடியிருக்குன்னு நீ பாத்துச் சொல்லலைன்னா எவன் சொல்லியிருப்பான்? நன்றி கெட்ட நாக்கு."

 கண்ணைத் துடைக்கக் கையை எடுத்த இளையவள், கையில் புழு இருப்பதைப் பார்த்து இறக்கிக்கொண்டாள். மூத்தவள் அதைப் பார்த்துவிட்டாள். முதலில் அவளுக்குத்தான் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள்; முடியவில்லை. பிறகு இருவரும் தரையிலேயே உட்கார்ந்து, தலைமையாசிரியை கட்டில் மேல் எட்டு வைத்த கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

"இது என்ன புழுடி?"

"கறுப்பா, குளவி மாதிரி ஒரு ஈ இருக்கும்கா. கடிக்காது, கொட்டாது. அதோட புழு. குப்பையைத் தின்னே கொழுக்கும். எங்க லேப்ல ஒரு அக்கா வீட்டுல வளக்குறாங்க, அவங்ககிட்ட கொஞ்சம் வாங்கிட்டு வந்து வாளியில விட்டேன். இறகுங்கறது பெரும்பாலும் புரதம்தான். அது உடம்புல பத்தாமத்தான் பக்கத்துல இருக்கிறவ இறகைப் பிடுங்கித் திங்குதுங்க. நீங்க வேண்டாம்னு சொன்னதால ரகசியமா..."

"ரகசியமாப் போட்டியா?"

"இல்ல. இன்னும் ஒண்ணுகூடப் போடலை. உங்க கோழி. உங்ககிட்ட கேக்காம எப்படிப் போடறது?"

மூத்தவள் அவளையே ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு எழுந்து போய் அவளுக்குக் காப்பி போட்டாள்.

ஐந்து மணிக்குக் கறிக்கடைக்காரர் வந்துவிட்டார். கையில் சாக்கு. பின்னாலேயே வெல்டர், முகத்தைக் கடுப்பாக வைத்துக்கொண்டு.

கொல்லை வாசலில் இரண்டு பெண்களும் ஒரே படியில் நின்றிருந்தார்கள்.

"கோழி வேணும்" என்றாள் மூத்தவள்.

"ஆறும் வேணும் மாமா" என்றாள் இளையவள்.

வெல்டருக்கு உள்ளுக்குள் குளிர்ந்திருக்க வேண்டும். ஆனால் பத்தொன்பது நாள் பட்ட பாடு அவரை அவ்வளவு லேசில் விடவில்லை. "இது வரைக்கும் வந்த மனுஷனைத் திருப்பி அனுப்ப முடியுமா? அண்ணே, நீங்க பாருங்க. நோய்க் கோழின்னு பக்கத்து வீட்டுலயும் புகார்."

கறிக்கடைக்காரர் மகாராணியைப் பிடித்து, இரண்டு காலையும் சேர்த்து ஒரு கையில் அடக்கி, நெஞ்சருகே வைத்துக்கொண்டார். முப்பது வருஷம் கோழி பிடித்த கை. மகாராணி முரண்டு பண்ணவில்லை. கழுத்துத் தோலில் வாயால் ஊதினார். கட்டை விரலால் தடவினார். இறக்கையை விரித்து வெளிச்சத்தில் பார்த்தார்.

எல்லோரும் அவர் வாயையே பார்த்தார்கள்.

"இங்க தொடு தங்கச்சி" என்று மூத்தவளின் விரலைப் பிடித்து வைத்தார். மொட்டைத் தோலில் முள் முள்ளாக என்னவோ குத்தியது. "எல்லாம் குருத்து இறகு. இப்பத்தான் முளைக்குது. நோயுமில்ல நொடியுமில்ல. பழைய சட்டையைக் கழட்டிட்டுப் புதுசு போடுது, அவ்வளவுதான்."

"அப்ப எடுத்துக்க மாட்டீங்களா?" என்றார் வெல்டர்.

"இதையா? இந்த நேரத்துல அறுத்தா இந்தக் குருத்து பூராவும் தோல்லயே நிக்கும். ஒவ்வொண்ணா இடுக்கி வெச்சுப் பிடுங்கணும். என் வீட்டுக்காரி என்னைப் பிடுங்கிடுவா." சாக்கை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டார். "நல்லாத் தின்னக் குடுங்க. உப்புப் போடாத மீன் தலை, குடல், ஏதாவது. மீன் கடையில சும்மாவே போடுவான்."

"புழு குடுக்கலாமா அண்ணே?" என்று இளையவள் கேட்டாள்.

"புழு கிடைச்சா அதைவிட என்ன வேணும்? கோழி என்ன பிறந்ததுல இருந்து சோறா தின்னுச்சு?"

மூத்தவள் தரையைப் பார்த்தாள். இளையவள் வானத்தைப் பார்த்தாள்.

கறிக்கடைக்காரர் போனதும் வெல்டர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். "சரி. கோழி இருக்கட்டும். உங்க ரெண்டு பேர் சண்டை?"

"எந்தச் சண்டை?" என்றாள் மூத்தவள்.

"எந்தச் சண்டை மாமா?" என்றாள் இளையவள்.

வெல்டர் அதற்கு மேல் அங்கே நிற்கவில்லை. புத்திசாலி.

இருட்டுவதற்கு முன் கொல்லையில் ஒரு சின்னச் சமையலே நடந்தது. இளையவள் சொல்ல, மூத்தவள் செய்தாள். பூசணி விதையை இடித்தாள். முளை கட்டிய பயறில் கேரட்டைத் துருவிப் போட்டாள். கடையில் வாங்கிய முட்டை இரண்டை வேகவைத்து, ஓட்டோடு நசுக்கினாள்.

"கோழிக்கு முட்டையா? அடுக்குமா இது?"

"வேகவெச்சு அடையாளம் தெரியாம நசுக்கிட்டா ஒண்ணும் ஆகாதுக்கா. பச்சையா மட்டும் குடுக்கக் கூடாது. அப்புறம் அதுங்க போடற முட்டையையே உடைச்சுக் குடிக்கப் பழகிடும்."

"லேப்ல அந்த அக்கா வேற என்ன போடறாங்களாம்?"

"இறகு கொட்டுறப்ப பூனைக்கு விக்கிற தீனிகூட ஒரு பிடி போடுவாங்களாம்."

"பூனைத் தீனியைக் கோழிக்கு, கோழியைப் பூனைக்கு. நல்ல உலகம்" என்று மூத்தவள் பிசைந்த தீனியை உருண்டை பிடித்தாள்.

அப்போதுதான் முன்னறையில் போன் அடித்தது. தலைமையாசிரியை. மூத்தவள் போனை எடுத்துக் காதில் வைத்தாள். மன்னிப்பை எங்கிருந்து தொடங்குவது என்று அவள் யோசிப்பதற்குள் மறுமுனை பேச ஆரம்பித்துவிட்டது.

"கோட் பைக்குள்ள ஒண்ணு இருந்துச்சு."

"ஐயோ மேடம்..."

"எட்டாம் வகுப்பு அறிவியல் மிஸ் கிட்ட குடுத்தேன். கண்ணாடிப் பாட்டில்ல போட்டுப் பசங்க சாயந்தரம் வரைக்கும் சுத்தி நின்னு பாத்தாங்க. என்ன தின்னும், எத்தனை நாள்ல ஈ ஆகும்னு கேள்வி மேல கேள்வி. தெரிஞ்சவங்க யாராவது வந்து சொல்ல முடியுமா?"

மூத்தவள் போனைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினாள். பிறகு பொத்திய கையை எடுத்துவிட்டு, தலை நிமிர்ந்து சொன்னாள்: "எங்க வீட்டுலயே இருக்காங்க மேடம். என் தங்கச்சி. லேப்ல பெரிய வேலை பாக்குறா. நாளைக்கே வரச் சொல்றேன். உங்க இன்னொரு கையையும் தெச்சுடறேன், வாங்க."

கொல்லைக்குத் திரும்பி வந்தபோது இளையவள் கூண்டுக்கு முன் உட்கார்ந்திருந்தாள். உள்ளே ஆறும் உருண்டைகளை உதிர்த்து உதிர்த்துத் தின்றுகொண்டிருந்தன. அவள் முகத்தில் மட்டும் சந்தோஷம் பாதியில் நின்றிருந்தது.

"கேட்டியா? உன்னைத்தான் கூப்பிடறாங்க."

"கேட்டேன்." அவள் பக்கத்தில் கிடந்த கைப்பையைத் திறந்து, நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தாள். "அக்கா, இதை முதல்ல உங்ககிட்டதான் சொல்றேன். அவருக்குக்கூட இன்னும் சொல்லலை. லாரியோட வெளியூர்ல இருக்கார், போன்ல எப்படிச் சொல்றதுன்னு... எங்க ஆஸ்பத்திரி புதுசா ஒரு இடத்துல திறக்குது. அங்க லேபுக்கு என்னைத் தலைமையாப் போடறாங்க. இங்கிருந்து எட்டு மணி நேரம். வெள்ளிக்கிழமைக்குள்ள சரின்னோ மாட்டேன்னோ எழுதித் தரணும்."

மூத்தவள் தாளை வாங்கினாள். வாசிக்கவில்லை. கையில் தீனி மாவு ஒட்டியிருந்தது. தாளின் ஓரத்தில் அவள் விரல் பதிந்தது.

"பத்து நாளா இந்தத் தாளு என் பையில இருக்குக்கா. அப்பல்லாம் போயிடலாம்னு தோணுச்சு. இன்னைக்குக் காலையிலகூடத் தோணுச்சு."

"இப்ப?"

இளையவள் ஒரு உருண்டையை எடுத்துக் கூண்டுக்குள் உதிர்த்தாள்.

மூத்தவள் தாளை மடித்து அவள் மடியிலேயே வைத்தாள். பாத்திரத்தில் மிச்சமிருந்த தீனியை உருட்டத் தொடங்கினாள். ஒரு உருண்டை, இரண்டு உருண்டை. மூன்றாவதை உருட்டிக்கொண்டே, கோழியைப் பார்க்காமல், அவளைப் பார்த்துச் சொன்னாள்:

"தலைமையாப் போடறாங்கன்னா சும்மாவா? வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூணு நாள் இருக்கு. போன்னும் சொல்ல மாட்டேன், போகாதன்னும் சொல்ல மாட்டேன். ஆனா முடிவு பண்ற வரைக்கும் எதுவா இருந்தாலும் என்கிட்ட நேரா பேசு."